கதவோடு போன ஒன்பதாம் நம்பர்

போன வருஷம் எங்கள் ஊழியர் சங்கத்து மலரில் ஒரு படம் போட்டிருந்தார்கள். ஆற்றுக்கு நடுவில் இருக்கிற திட்டுக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் போன நாள் என்று கீழே எழுதியிருந்தது. படகில் எங்கள் பெரிய ஆபீசர் மாலையோடு நிற்கிறார். ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரிகிறது, ஜெனரேட்டரைப் பிடித்துக்கொண்டு. கையில் தேள் பச்சை குத்தியிருக்கிறது. அது என் கை. அந்த ஆபீசர் படம் எடுத்ததும் இறங்கிப் போய்விட்டார். திட்டுக்குப் போனது கைதான்.

நான் மூன்றாவது வரைக்கும் படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஆனாலும் இந்த வருஷ மலருக்கு நானே எழுதித் தருகிறேன் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆபீசில் புதிதாக வந்திருக்கிற பெண்கள், “எல்லாம் செல்போன்ல வந்திருச்சும்மா, அப்ப என்னதான் அவ்வளவு கஷ்டப்பட்டீங்க?” என்று கேட்டார்கள். கேட்டீர்கள் அல்லவா, உட்கார்ந்து படியுங்கள்.

என் வீட்டுக்காரர் அதே ஆபீசில் காவலாளி. அவர் போன பிறகு அங்கேயே பியூன் வேலையை இரக்கப்பட்டு எனக்குக் கொடுத்தார்கள். பெருக்கினேன், தண்ணீர் வைத்தேன், கட்டுகளைத் தூக்கினேன், நோட்டீஸ் ஒட்டினேன். அதெல்லாம் பெரிய கதை இல்லை. எந்த ஆபீஸ் பியூனைக் கேட்டாலும் சொல்வாள். கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் எனக்குத் தலைவலி வந்தது.

எங்கள் ஆறு கடலில் சேருகிற இடத்தில் இரண்டாகப் பிரியும். நடுவில் கிடக்கிற மண்மேடுதான் திட்டு. எல்லாரும் கடல் தொழில் செய்கிற குடும்பம். அரிசி வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போக, செத்தவனுக்குச் சான்று வாங்க, எதற்கும் படகு ஏறித்தான் இக்கரைக்கு வரவேண்டும். வயசான பொம்பளைகள் எங்கள் ஆபீசை ‘மேரி’ என்பார்கள், பிரெஞ்சுக்காரன் விட்டுப் போன பேர். மேரிக்கு வந்தால் நாளைக்கு வா என்று சொல்லச் சொல்லி என்னை வாசலில் நிறுத்தியிருப்பார்கள். சுனாமி வந்து போன பிறகு, இனிமேல் ஆபீசே அவர்களிடம் போகட்டும் என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள். ரேஷன் கார்டு, முதியோர் பணம், சாதிச் சான்று எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறும், முகாம் திட்டிலேயே நடக்கும் என்றார்கள். வீட்டுக்கு வீடு நம்பர் போட்டார்கள். திட்டில் சுவரெல்லாம் கீத்து, அதில் பெயிண்ட் நிற்காது. அதனால் கதவில் எழுதினார்கள். வினை அங்கேதான் தொடங்கியது.

முகாமுக்கென்று வந்தவர் சபேசன் சார். நல்ல மனிதர். அதுதான் கஷ்டமே. கெட்ட மனிதர் என்றால் மனசுக்குள் நாலு திட்டு திட்டிவிட்டுப் போகலாம். இவர் யாரையும் வா போ என்று கூப்பிடமாட்டார். படகில் ஏறுமுன் செருப்பைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போடுவார். சாக்சை இன்னொரு பையில் போடுவார். உட்காரும் பலகையில் செய்தித்தாள் விரிப்பார், அதன்மேல் கைக்குட்டை விரிப்பார், அதை நாலு மூலையும் நீவிவிட்டு உட்காருவார். அதற்குள் படகு அக்கரை சேர்ந்துவிடும். கேட்டது முடியாது என்று சொல்ல வேண்டி வந்தால் வாயைத் திறப்பதற்கு முன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்துக்கொண்டே, “சிஸ்டம் ஒத்துக்கணும்மா” என்பார். போகப் போக, அவர் கை கண்ணாடிக்குப் போனாலே திட்டுப் பொம்பளைகள் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

தட்டச்சுக்குச் சுகந்தி என்று ஒரு பெண். நெடுங்காட்டில் விவசாயக் குடும்பம். வாய்க்கால் தண்ணீர் பழக்கம், ஆற்றுத் தண்ணீர் பழக்கமில்லை. படகு ஆடினால் என் புடவையைப் பிடித்துக்கொள்வாள். அக்கரை போய் இறங்கும்போது என் கொசுவம் அவள் கையில் இருக்கும்.

முகாம் நடத்துகிற முறையைச் சொல்கிறேன். ஜெனரேட்டர் படகின் நடுவில் இருக்கவேண்டும். லேப்டாப் பிளாஸ்டிக் சுற்றி அரிசிச் சாக்குக்குள் இருக்கவேண்டும். வலைக் கொட்டகையில் மேசை போட்டு, பின்னால் வெள்ளை வேட்டி கட்டி, முன்னால் ஆளை உட்காரவைத்துப் படம் எடுக்கவேண்டும். வெளிச்சத்தில் கம்ப்யூட்டர் முகம் தெரியாது. அதனால் சாரும் சுகந்தியும் தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு உள்ளே தட்டுவார்கள். வெளியே நின்று, “சிரிக்காத, நிமிரு, முந்தானைய எடு” என்று கத்துவது என் வேலை. திட்டில் டெலிபோன் கம்பி கிடையாது. தட்டியதையெல்லாம் ஒரு விரல் நீளக் குச்சியில் ஏற்றித் தருவார்கள், பென் டிரைவ். அதை முந்தானையில் முடிந்துகொண்டு வருவேன். வெற்றிலை பாக்கு இன்னொரு முந்தியில். சுண்ணாம்பு படாது சார், பயப்படாதீங்க என்று ஒவ்வொரு தடவையும் சொல்லவேண்டும்.

ஆபீசுக்கு வந்து அதைப் பெரிய மெஷினில் சொருகுவார்கள். திட்டில் சரி சரி என்று தலையாட்டிய அதே கம்ப்யூட்டர், இக்கரைக்கு வந்ததும் இல்லை என்று சொல்லும். பேருக்கு மேல் சிவப்பாக ஒரு கோடு போடும். மறுபடி படகு, மறுபடி ஜெனரேட்டர், மறுபடி செய்தித்தாள், கைக்குட்டை.

அப்படி ஒரு நாள் பாக்கியத்தின் பேரில் சிவப்புக் கோடு விழுந்தது.

பாக்கியம் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். புருஷனைக் கடல் கொண்டுபோய் வெகு காலம். கூடையைத் தலையில் வைத்து நெடுங்காடு வரைக்கும் மீன் கொண்டுபோய் விற்று, கொடிமலர் என்கிற ஒரே மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தாள். மருமகன் வீரமணி இக்கரையில், கோட்டுச்சேரிமேட்டில் கடல் தொழில். அந்த வருஷம்தான் கல்யாணம் முடிந்திருந்தது. கோடு ஏன் விழுந்தது என்று சுகந்தி படித்துச் சொன்னாள். பாக்கியத்தின் பேர் ஏற்கெனவே வேறொரு கார்டில் இருக்கிறது. இடம் கோட்டுச்சேரிமேடு. குடும்பத் தலைவர் வீரமணி. கூட இருப்பவர் மாமியார் பாக்கியம்.

எப்படிப் போனாள் என்றால், கதவோடு போனாள். திட்டில் நல்ல மரம் கிடையாது. சவுக்கும் பனையும்தான். ஒருத்தன் படகு உடைந்து போனால் அதில் தேறுகிற பலகையை வைத்து வீட்டுக்கதவு செய்வார்கள். வீட்டிலேயே மதிப்பான பொருள் அதுதான். பெண்ணை வெளியூரில் கட்டிக்கொடுத்தால் அந்தக் கதவைக் கழற்றிச் சீரோடு அனுப்பிவிடுவார்கள். அப்பன் படகு மகள் வாசலைக் காக்கும் என்று கணக்கு. கொடிமலரும் அப்படித்தான் கதவோடு போனாள். கதவில் ‘தி 9’ என்று எங்கள் ஆபீஸ் எழுதியிருந்தது. ‘தி’ என்றால் திட்டு. பாக்கியம் வாசலில் கீத்துத் தட்டி தொங்கியது.

எங்கள் முகாம் முதலில் கோட்டுச்சேரிமேட்டில்தான் நடந்தது. சுகந்தி வீடு வீடாகப் போய்க் கதவு நம்பரைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் தட்டினாள். தி 9 என்று தட்டியதும் பழைய கணக்கிலிருந்து பாக்கியம் பேர் வந்தது. “பாக்கியம் யாருங்க?” என்று கேட்டாள். “எங்கம்மா” என்றாள் கொடிமலர். சரி, மாமியாரும் இங்கேதான் இருக்கிறாள் என்று இவள் சேர்த்துவிட்டாள். கேட்டவளும் தப்பாகக் கேட்கவில்லை. சொன்னவளும் பொய் சொல்லவில்லை. யாரைப் போய்த் திட்டுவது?

பாக்கியத்திடம் நான்தான் சொன்னேன்.

“மருமவன் வூட்டுல சோறு திங்கிறவன்னு எழுதிட்டீங்களா?”

“சோறுன்னு யாரும் எழுதல பாக்கியம். பேரு மட்டுந்தான்.”

“பேரு போனா சோறு பின்னாலயே போவும். எம் புருசன் போனப்பறம் எவ வூட்டுலயாச்சும் நான் கை நனைச்சிருக்கனா? நீயே சொல்லு காசாம்பு. கூட்டத்துக்கு முன்னால சொல்லு.”

நனைத்ததில்லை. அது திட்டுக்கே தெரியும். இனி அவளுக்கு அரிசி வேண்டுமென்றால் கோட்டுச்சேரிமேட்டுக் கடையில், வீரமணி கார்டில்தான் போடுவார்கள். அவள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மீன் விற்ற காசில் வெளிக்கடையில் அரிசி வாங்கினாள். மீன் இல்லாத நாளில் என்ன சாப்பிட்டாள் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் கூடையால் அடித்திருப்பாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் பழையபடி தன் பேரில் ஒரு கார்டு. அவ்வளவுதான்.

சபேசன் சாரிடம் போய் நின்றேன். கண்ணாடி கழன்றது.

“குடும்பத் தலைவர் எழுதிக் கொடுக்கணும்மா. என் மாமியாரை என் கார்டுலேருந்து நீக்குங்கன்னு வீரமணி கையெழுத்துப் போடணும். அந்தம்மா எந்த வீட்டுக்குப் போறாங்களோ அந்த வீட்டுக்கு நம்பர் இருக்கணும்.”

“அவ எங்கயும் போவல சார். அவ வூட்டுலதான் இருக்கா. தட்டியில ஒரு ஒம்போது எழுதுங்க, முடிஞ்சுது.”

“அப்ப ரெண்டு ஒன்பது ஆயிடும்மா. புது நம்பர் போடறதும் இப்ப மூடியாச்சு. சிஸ்டம் ஒத்துக்கணும்ல?”

கோட்டுச்சேரிமேட்டுக்குப் போனேன். போகிற வழியில், வாயால் பேசி முடித்துவிடலாம் என்று எனக்கு நம்பிக்கை. வீரமணி வாசலில் வலைக் கிழிசலைச் சரிபண்ணிக்கொண்டிருந்தான். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவன் கை நின்றுவிட்டது.

“மாமியார நீக்கச் சொல்லி நான் கையெழுத்துப் போடணுமா பெரியம்மா? கதவ வாங்கிக்கிட்டு கெழவிய வெளிய தள்ளிட்டான்னு ஊரு காறித் துப்பும்.”

“ஊருக்கு எப்புடிப்பா தெரியும்? கம்ப்யூட்டருக்குள்ள இருக்கறது.”

“அப்பறம் அத எழுதி செவுத்துல ஒட்டுவீங்கள்ல? ஒட்டுவீங்களா மாட்டீங்களா?”

ஒட்டுவோம். பசை காய்ச்சி ஒட்டுவதே நான்தான்.  “அப்பன்னா கதவ ஒருநா குடு. திட்டுல மாட்டிக் காட்டிட்டு கொண்டாந்து தரேன்” என்றேன்.

உள்ளேயிருந்து கொடிமலர் வந்துவிட்டாள். “நீங்களும் இந்தப் பக்கத்துப் பொம்பளதான பெரியம்மா? கதவு திரும்பிப் போனா என்ன அர்த்தம்? என்னைய அத்து வுட்டுட்டாங்கன்னு அர்த்தம். எங்கம்மா அத வாசல்லயே போட்டுக் கொளுத்தும்.”

அந்த வீட்டில் எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. வெயிலில் நடந்தே வந்தேன். இவன் கையெழுத்துப் போட்டால் இவன் மானம் போகும். கதவு வந்தால் இவள் மானம் போகும். பேர் அங்கேயே இருந்தால் அவள் மானம் போகும். மானமே இல்லாதது கம்ப்யூட்டர் ஒன்றுதான், அதுவும் ஒத்துக்கொள்ளமாட்டேன் என்கிறது.

ஆபீசில் வந்து இதைச் சொன்னதும் சார் துடைக்க ஆரம்பித்தார். “சார், அந்தக் கண்ணாடியில ஓட்டை வுழப்போவுது” என்றேன். அவர் கோபிக்கவில்லை. பக்கத்தில் உட்காரச் சொல்லி மெஷினைக் காட்டினார். பேரை நீக்கக் காரணம் என்று ஒரு கட்டம். அதில் மூன்றே காரணம். இறப்பு என்றால் சான்று கேட்கும். இடமாற்றம் என்றால் புது வீட்டு நம்பர் கேட்கும். திருமணம் என்றால் ஒன்றும் கேட்காது.

“திருமணம்னு போட்டுரலாமா சார்?” என்று சுகந்தி மெதுவாகக் கேட்டாள். “அதுக்கு மருமகன் கையெழுத்துகூட வேணாம். அந்தம்மாவே போட்டா போதும்.” அந்தப் பிள்ளைக்குப் பாவம், தான் தட்டியதால் வந்தது என்று ராத்தூக்கம் இல்லை. அவர்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருகிறவளே பாக்கியம்தான், பேர்தான் அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

அதையும் போய்ப் பாக்கியத்திடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். “மாப்புள யாரு? ஒங்க கண்ணாடி சாரா? சீரு என்ன செய்வாரு, செய்தித்தாளா?” கொட்டகையே சிரித்தது. சிரித்து முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“வேணாம் காசாம்பு. பொய்க்குக்கூட வேணாம். நான் அவரு பொண்டாட்டியாவே இருந்துட்டுப் போறேன்.”

 மாசம் மாசமாக ஓடியது. மாமியாரும் மருமகனும் ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று ஆகிவிட்டது. ஒவ்வொரு முகாமிலும் பாக்கியம் வந்து வேட்டிக்கு முன்னால் உட்காருவாள், படம் எடுப்போம், இக்கரைக்கு வந்ததும் சிவப்புக் கோடு. ஏன் வருகிறாய் என்று கேட்டால், “கார்டு வர்றப்ப வரட்டும். நான் இங்கதான் இருக்கேன்னு அந்தப் பொட்டி பாக்கட்டும்” என்பாள்.

இதற்கு வழி கண்டது நானும் இல்லை, சாரும் இல்லை. கொடிமலர்தான். அவள் உண்டாகியிருந்தாள். வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிற நாளில், படகில் ஏறமாட்டேன் என்று கரையிலேயே நின்றுகொண்டாளாம். “எனக்குப் புள்ள பொறக்குற வூட்டுக்குத் தட்டியா? நாய் நொழையும், நரி நொழையும். எங்கப்பா கதவு கூட வந்தாத்தான் வருவேன்” என்றாளாம். வயிற்றுப்பிள்ளைக்காரி கேட்டதை மறுக்கிற தைரியம் எந்த ஊரிலும் எவனுக்கும் கிடையாது. கைநிறைய வளையலோடு அவளும், கட்டுச்சோற்று அண்டாவும், பூச்சரம் சுற்றிய கதவும் ஒரே படகில் ஆற்றைத் தாண்டின. அத்து விட்டார்கள் என்று எவள் வாயால் சொல்லமுடியும்? புருஷன்காரனே அல்லவா கதவைப் பிடித்துக்கொண்டு வருகிறான்.

எனக்கு ஆள் வந்தது. “பெரியம்மா, கதவு வந்திருச்சு. பொட்டிய எடுத்துக்கிட்டு வாங்க.”

போனோம். பாக்கியம் வாசலில் தி 9 கதவு நின்றது. சார் படம் எடுத்தார். சுகந்தி போர்வைக்குள் போய்த் தட்டினாள். இடம் மாறியது என்று போட்டாள். கம்ப்யூட்டர் ஒத்துக்கொண்டது. எனக்கே கண் கலங்கிவிட்டது. அப்புறம் அவள் போர்வைக்குள்ளேயே இருந்து, வெளியே வராமல், “சார்...” என்று இழுத்தாள்.

கதவு மாறியது, கார்டு மொத்தமாக மாறிவிட்டது. திட்டு, ஒன்பதாம் நம்பர் வீடு, பாக்கியம், கொடிமலர், அவர்களோடு வீரமணி.

சார் அதை உரக்கப் படித்துவிட்டார். கொட்டகையில் ஒரு கிழவி, “அடி ஆத்தே! பாக்கியம் வூட்டோட மாப்புள எடுத்துருக்காடீ!” என்றாள். பொம்பளைகள் சிரித்த சிரிப்பில் வேட்டி அவிழ்ந்து விழுந்தது. வீரமணி முகம் கறுத்துப் போய் மேசைக்கு வந்தான்.

“சார்! என்னைய நீக்குங்க. இப்பவே நீக்குங்க!”

சபேசன் சார் கை கண்ணாடிக்குப் போகவில்லை. “தாராளமா நீக்கலாம்ப்பா. நீங்களும் மனைவியும் தனியாப் போறதா எழுதி, கையெழுத்துப் போடுங்க” என்றார்.

மாசக்கணக்காகப் பேனாவைத் தொடாதவன் அதைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டான். மாமியாரைத் தள்ளினால் கேவலம். மாமியார் வீட்டைவிட்டுத் தனியாக வந்தால் கௌரவம். காகிதம் என்னவோ ஒரே காகிதம்தான். இதற்கா நான் வெயிலில் நடந்தேன் என்று எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமில்லை.

“சரி, போற வீட்டுக்கு நம்பர்?” என்றாள் சுகந்தி.

இருந்தது. கொடிமலர் கதவு வந்ததும் வீரமணி வீட்டுப் பழைய கதவைக் கழற்றிக் கொல்லையில் போட்டிருந்தார்கள். கருவாடு காயவைக்க. நாங்கள் போய்ப் பார்த்தபோது நெத்திலிக்கு அடியில் எங்கள் ஆபீஸ் பெயிண்ட் பளிச்சென்று இருந்தது. சார் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு படம் எடுத்தார். அங்கிருந்து திட்டு முகாமுக்குத் திரும்பும்போது படகில் விரிக்கக் கைக்குட்டை இல்லை, பலகையில் அப்படியே உட்கார்ந்தார்.

இந்தத் தடவை இக்கரை மெஷினும் சிவப்புக் கோடு போடவில்லை. கார்டுகள் அச்சாகி வருவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. வீரமணி தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போக வந்த நாளில்தான் நானும் கார்டோடு போனேன். பாக்கியம் கையைக் கழுவி, துடைத்து, வாங்கிக்கொண்டாள்.

“எம் பேரு எது?”

விரல் வைத்துக் காட்டினேன்.

“மேல எவனாச்சும் இருக்கானா?”

“இல்ல. நீதான் தலைவி.”

“கீழ?”

“யாருமில்ல. நீ மட்டும்.”

ஒற்றைப் பேர் இருக்கிற கார்டுக்கு இவ்வளவு பாடா என்று எனக்குத் தோன்றியது.  அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனாள். வீரமணி படகடியில், வெயிலில், எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றான்.

“மாப்ள,” என்று கூப்பிட்டாள். “எல போட்டாச்சு. வாங்க. என் வூட்டுக்கு வந்த விருந்தாளி வெளிய நிக்கக் கூடாது.”

அவன் வந்து உட்கார்ந்தான். வஞ்சிர மீன் குழம்பு. எனக்கும் ஒரு இலை போட்டாள். அவன் இரண்டாம் தடவை சோறு கேட்டபோது அவள் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினாள்.

கதவு திரும்பவும் கோட்டுச்சேரிமேட்டுக்குப் போகவேண்டும். அது வழக்கம். பாக்கியம் வீட்டு நடுக்காலில் கட்டச் சொல்லி, தி 9 என்று எழுதிய தகரம் ஒன்றைச் சார் கொடுத்துவிட்டிருந்தார். கதவில் இருக்கிற நம்பரை அழிக்கக் கறுப்புப் பெயிண்டும் கொடுத்துவிட்டிருந்தார். தகரத்தைக் கட்டிவிட்டு டப்பாவைத் திறந்தேன். கொடிமலர் குழந்தையோடு வந்து கதவுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

“அழிக்காதீங்க பெரியம்மா. அது எங்கம்மா வூட்டு நம்பரு.”

“அடியே, இது அங்க இருந்தா அடுத்த முகாம்ல மறுபடியும் ஒங்கம்மா ஒங்கூட வந்துருவாடீ!”

வீரமணிதான் கை கழுவிக்கொண்டே சொன்னான். “உள்பக்கமாத் திருப்பி மாட்டிக்கிறேன் பெரியம்மா. வெளிய எங்க வூட்டுப் பழைய நம்பர எழுதிக்கிறோம். இது அவ பாக்கறதுக்கு.”

பெயிண்டைத் தொடாமலேயே டப்பாவை மூடி ஆபீசுக்குக் கொண்டுவந்தேன். சபேசன் சார் மேசையில் காத்திருந்தார்.

“கார்டு கொடுத்தாச்சாம்மா?”

“ஆச்சு சார்.”

“தகரம் கட்டியாச்சா?”

“ஆச்சு சார்.”

“கதவு நம்பரை அழிச்சாச்சா? இப்ப ஒரே ஒரு ஒன்பதுதானே இருக்கு?”

நான் கையை நீட்டினேன்.

“அந்தக் கண்ணாடியக் குடுங்க சார்,” என்றேன். “இன்னைக்கு நான் தொடைச்சுத் தரேன்.”